அல்சர் என்று சொல்லிவைத்தேன்

எங்கள் தெருவில் அல்சர் இல்லாத வீடு கிடையாது. மரக்காணத்தில் உப்பள வேலைக்குப் போகிறவர்கள் விடிவதற்கு முன்பே வெறும் வயிற்றோடு கிளம்பிவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் இருக்கிற உப்பை வாரிக் கரையில் சேர்த்தாக வேண்டும். பத்து மணிக்கு மேல் வந்து உட்கார்ந்தால்தான் முதல் வாய் சோறு. இருபது வருஷம் இப்படியே ஓடினால் வயிறு புண்ணாகாமல் என்ன செய்யும்? அதனால் இங்கே ஒருவருக்கு அல்சர் என்று சொன்னால் அடுத்த கேள்வி வராது. "ஆமா, எனக்குந்தான்" என்று ஒரு பதில் வரும், பேச்சு வேறு பக்கம் போய்விடும். அந்த வசதிக்காகத்தான் நான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். என் மகளுக்கு இருந்தது அல்சர் இல்லை, சர்க்கரை.

அப்போது அவளுக்குப் பதினொரு வயது. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. நான் அங்கன்வாடி டீச்சர். ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் தராசில் ஏற்றி இறக்கி, எடை குறைந்தால் அம்மாக்களைக் கூப்பிட்டுத் திட்டுகிறவள். என் வீட்டில் ஒரு பிள்ளை துரும்பாக இளைத்துக்கொண்டிருந்தது, "வளர்ற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் காலைப் பிரேயரில் மயங்கி விழுந்த பிறகுதான் பாண்டிச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எட்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள்.

அங்கே இருந்த டாக்டரம்மா நல்லவர். நிதானமாகச் சொன்னார். இனிப்பு தின்றதால் வந்ததில்லை, உடம்பில் சுரக்க வேண்டியது சுரக்கவில்லை, இனிமேல் தினம் இரண்டு வேளை ஊசி, ஊசி போட்டால் உடனே சாப்பாடு, சாப்பாடு தாமதமானால் சர்க்கரை இறங்கிவிடும், இறங்கினால் உடனே இனிப்பு. கடைசியாக ஒன்று சொன்னார். "ஸ்கூல்ல, சொந்தக்காரங்ககிட்ட, பக்கத்து வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிடுங்கம்மா. அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தாத்தான் ஆபத்துக்கு உதவுவாங்க." பூம்பூம் மாடு மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து இறங்கினால் வாசலில் என் நாத்தனார் நிற்கிறார், என் வீட்டுக்காரருக்கு அக்கா. என் மகள் பிறந்த நாளிலிருந்து "இவ எங்க வீட்டுக்கு வரப்போற மருமவ" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அவருடைய மகன் அப்போது பத்தாவது படித்தான். ஆட்டோவை விட்டு நான் காலைக் கீழே வைப்பதற்குள் கேட்டார்.

"என்னாடி ஆச்சு புள்ளைக்கு? எட்டு நாளு வெச்சிருந்தாங்களே, என்னான்னு சொன்னாங்க?"

"அல்சரு, அண்ணி."

எப்படி வந்தது அந்த வார்த்தை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. நாத்தனார் முகத்தில் இருந்த பதற்றம் அப்படியே அடங்கியது. "ஐய, இவ்ளோதானா? மோரு குடு, பழைய சோத்துத் தண்ணி குடு, போயிடும்" என்றார். எனக்கும் மூச்சு வந்தது.

என் வீட்டுக்காரர் உப்பளத்தில் மேஸ்திரி. பாத்தியில் நாற்பது பேரை வேலை வாங்குகிறவர், வீட்டில் நாலு வார்த்தை பேசமாட்டார். அன்றைக்குப் பேசினார்.

"ஏன் அப்பிடி சொன்ன?"

"பின்ன? ஊசி போட்டுக்கிற பொண்ண எவன் கட்டுவான்?"

"பதினோரு வயசு புள்ளைக்கு இப்பவே கல்யாணமா?"

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இருங்க."

அவர் சும்மா இருந்துவிட்டார். பாவி மனுஷன், அன்றைக்காவது என்னை ஒரு அறை விட்டிருக்கலாம் என்று பின்னால் பல தடவை நினைத்திருக்கிறேன். ஆனால் என் தப்பை அவர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எவ்வளவு வேலை தெரியுமா? ஊசி மருந்தை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். எங்கள் ஃப்ரிட்ஜ் எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. பக்கத்து வீட்டு மாவு, எதிர் வீட்டு இறால், ஐஸ் தண்ணிக்கு வருகிற பிள்ளைகள் என்று ஆளாளுக்கு வந்து கதவைத் திறப்பார்கள். வேண்டாம் என்று சொன்னால் சண்டை. அதனால் ஒரு எவர்சில்வர் டப்பாவில் மருந்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்து, மேலே நெத்திலிக் கருவாட்டைப் பரப்பி மூடிவைத்தேன். கருவாட்டு டப்பாவை யாரும் தேவையில்லாமல் திறக்கமாட்டார்கள். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். "ம்மா, என் ஊசில கருவாட்டு நாத்தம் அடிக்குது" என்று என் மகள் மூக்கைப் பிடித்துக்கொள்வாள். "நாத்தம் ஊசிலதான, மருந்துல இல்லியே, போட்டுக்க" என்பேன். இரண்டு பேரும் சிரித்துக்கூட இருக்கிறோம்.

ஊசி போடும்போது கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட வேண்டும். பள்ளிக்கூடத்திலும் அல்சர்தான். கோயிலில், கல்யாண வீட்டில் யாராவது இனிப்புக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லக் கூடாது, வாங்கி ஒரு துளி வாயில் வைத்துவிட்டு மீதியை முந்தானைக்குப் பின்னால் என் கையில் கொடுத்துவிட வேண்டும். இதையெல்லாம் நான் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். கெட்டிக்காரி, கற்பூரம் மாதிரி பிடித்துக்கொண்டாள்.

அவள் வயதுக்கு வந்தபோது ஒன்பது நாளும் நாத்தனார் வீட்டு உளுந்தங்களி, வெல்லமும் நல்லெண்ணெயும் மிதக்கும். அத்தை முறைக்காரி தன் கையால் ஊட்டுகிறார். நான் எதிரில் நிற்கிறேன். "அவளுக்கு ஆகாது அண்ணி" என்று இரண்டு வார்த்தை. தொண்டை வரை வந்தது, விழுங்கிவிட்டேன். என் மகள் என்னைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள். அன்று சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு சர்க்கரை பார்க்கிற மீட்டரில் பார்த்தால் எண்ணே வரவில்லை, 'ஹை' என்று மட்டும் வந்தது. நாலு தடவை வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிக்கொண்டு வந்து கேட்டாள்.

"அத்தைகிட்ட சொல்லிட்டாதான் என்னம்மா?"

"வாய மூடு. உன் நல்லதுக்குத்தாண்டி எல்லாம்."

அதற்கு அடுத்த வாரம் அங்கன்வாடியில் ஒரு அம்மா, பிள்ளைக்கு வலிப்பு வந்ததை மறைத்துவிட்டாள் என்று தெரிந்தது. அவளை உட்காரவைத்து அரை மணி நேரம் பொரிந்து தள்ளினேன். "ஊருக்குப் பயந்து புள்ளையோட நோவ மறைப்பியா? நீ எல்லாம் ஒரு தாயா?" என்று கேட்டேன். ஊருக்குத்தான் உபதேசம். அந்தப் பெண் இப்போதும் என்னைத் தெருவில் பார்த்தால் மரியாதையாக வணக்கம் வைக்கிறாள், எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு ஏழு வருஷம் ஓடியது.

பன்னிரண்டாவது முடித்துச் சென்னையில் பி.காம் கிடைத்தது. பாண்டிச்சேரியிலேயே படி, தினம் பஸ்ஸில் போய்வரலாம் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, பன்னிரண்டு வயதிலிருந்து அவளே ஊசி போட்டுக்கொள்கிறாள். எந்தச் சாப்பாட்டுக்கு எத்தனை யூனிட், ஓடினால் எவ்வளவு குறைக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று என்னைவிட நன்றாகத் தெரியும். மருந்து பார்த்துக்கொள்கிற விஷயத்தில் அவளை ஒரு குறை சொல்ல முடியாது.

ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்ட அன்று அவள் ரூமில் இன்னொரு பெண் இருந்தாள். தர்மபுரிப் பக்கம். கலகலப்பானவள், நாங்கள் நுழைந்ததுமே பெட்டியைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "டயத்துக்குச் சாப்டுடு, டயத்துக்குச் சாப்டுடு" என்று நான் மகளிடம் பத்துத் தடவை சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஏன் ஆன்ட்டி, உடம்புக்கு எதாச்சும் இருக்குதா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா, அல்சரு."

"ஐயோ. அது வந்தா நாங்க என்னா செய்யணும் ஆன்ட்டி?"

யோசித்துப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒரு பெண், தானாகக் கேட்கிறாள், என்ன செய்ய வேண்டும் என்று. இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் அந்த டாக்டரம்மா எல்லோரிடமும் சொல்லச் சொன்னார். நானோ ஒரு பொய்க்கு வால் வைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணும் செய்ய வேணாம்மா. சோர்ந்து படுத்தாள்னா கொஞ்சம் மோர் குடு. தொந்தரவு பண்ணாம தூங்கவிட்டுடு. தானா சரியாயிடும்."

என் மகள் கட்டிலில் பெட்ஷீட் விரித்துக்கொண்டிருந்தாள். கை ஒரு நிமிஷம் நின்றது. என்னை வழியனுப்பக் கேட் வரைக்கும் வந்தவள் மெதுவாகக் கேட்டாள்.

"ம்மா, அவகிட்ட மட்டும் சொல்லிக்கட்டா? நல்லவளா இருக்கா."

"ஒருத்திகிட்ட சொன்னா ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி. பையில குளுக்கோஸ் இருக்குதில்ல? நீயே பாத்துக்க. இன்னமும் என்னா சின்னப் புள்ளையா நீ?"

சரி என்று தலையாட்டினாள்.

நாலாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். வார்டனிடமிருந்து போன். பெண்ணுக்கு வலிப்பு வந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறோம், உடனே வாருங்கள். கையில் ஒட்டியிருந்த இறால் ஓட்டைக்கூடக் கழுவவில்லை. என் வீட்டுக்காரர் அன்றைக்கு உப்பு ஏற்றின லாரியோடு திண்டிவனம் போயிருந்தார். தனியாகப் பஸ் ஏறினேன்.

பாண்டிச்சேரியிலிருந்து வருகிற பஸ், நிற்க இடமில்லை. யாரோ ஒரு அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி உட்கார இடம் கொடுத்தார். இரண்டு பக்கமும் உப்பளம் பளீரென்று ஓடுகிறது, எனக்குக் கண்ணே தெரியவில்லை. அழுதுகொண்டே வந்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கம்மா போற? என்னாச்சி?"

"பொண்ணு... சென்னையில படிக்குது. ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க."

"அடக் கடவுளே. என்னா பண்ணுது புள்ளைக்கு?"

"அல்சரு."

சொன்னேன். என் மகள் உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் இருப்பது ஜென்மத்துக்கும் திரும்பப் பார்க்கப்போகாத ஒரு மனுஷி, அப்போதும் அதைத்தான் சொன்னேன். இதைவிட என்னைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லை. "சாமி பாத்துக்கும்மா, எனக்கும் அந்த நோவுதான்" என்று அந்த அம்மா ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தர்மபுரிப் பெண் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, நடந்ததை அழுதுகொண்டே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலில் காலைச் சாப்பாடு எப்போதுமே கொஞ்சம் தாமதம், அன்றைக்கு ரொம்பத் தாமதம். என் மகள் வழக்கம்போல் பாத்ரூமுக்குள் போய், யாருக்கும் தெரியாமல் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். பூரி வருவதற்குள் வியர்த்துக்கொட்டியிருக்கிறது. பேச்சுக் குழறியிருக்கிறது.

"வயித்து வலிதான் வந்துடுச்சின்னு நெனச்சேன் ஆன்ட்டி. பையக் கையால காட்டிக் காட்டி என்னமோ சொன்னா. மாத்திரை கேக்குறாளோன்னு பையத் தொறந்து தேடினேன். மாத்திரை எதுவும் இல்ல, குளுக்கோஸ் பாக்கெட்டுதான் இருந்துது. அப்பிடியே வெச்சிட்டேன். நீங்க சொன்ன மாதிரிதான் ஆன்ட்டி செஞ்சேன். மோர் குடுத்தேன். ஃபேன் போட்டுட்டு, கதவச் சாத்திட்டு, தூங்கட்டும்னு வெளிய வந்துட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சி எட்டிப் பாத்தா கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது. நான் எதாச்சும் தப்பாப் பண்ணிட்டனா ஆன்ட்டி?"

அந்தப் பெண் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் சொல்லிக்கொடுத்ததை ஒன்று விடாமல் செய்துவிட்டு, என்னிடமே மன்னிப்புக் கேட்டாள். அந்த இடத்தில் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் பெண் போய்விட்டதாக நினைத்து ஓடிவந்தார்கள்.

போகவில்லை. உயிர் இருந்தது. ரத்தத்தில் சர்க்கரை இருபத்தெட்டுக்கு இறங்கியிருந்ததாம். இன்னும் அரை மணி நேரம் அந்தக் கதவு சாத்தியே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சின்ன வயது டாக்டர் ஒருவர் எனக்கு விளக்கினார். "பக்கத்துல இருந்தவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, ஆரம்பத்துலயே ரெண்டு ஸ்பூன் சக்கரையில முடிஞ்சிருக்கும்மா. ஏன் யாருக்குமே சொல்லல?" என்று கேட்டார். ஊசி போட்டுக்கொள்கிற பெண்ணை எவன் கட்டுவான் என்று அந்த வராந்தாவில் சொல்ல முடியுமா?

மறுநாள் என் மகள் நன்றாகப் பேசினாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி அழுது தீர்த்திருப்பேன். தோழிகள் ஐந்து பேர் பார்க்க வந்தார்கள். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னாள், "எனக்கு அல்சர் இல்லடி. சுகரு. பதினோரு வயசுலேர்ந்து." சொல்லிவிட்டு ஊசி, மீட்டர், குளுக்கோஸ் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினாள். எந்த நேரத்தில் எதைக் கொடுக்க வேண்டும், எப்போது வாயில் எதுவும் ஊற்றக் கூடாது என்று வகுப்பே எடுத்தாள். ஒருத்திகூட முகம் சுளிக்கவில்லை. "அடிப்பாவி, மூணு மாசமா என் லட்டையும் சேத்துத் தின்னியே" என்று ஒருத்தி கேட்டாள். ரூமே சிரித்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன்.

ஊரில் நாத்தனாரிடம் என் வீட்டுக்காரரே போய்ச் சொல்லிவிட்டார். என்ன சொல்லப்போகிறாரோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாத்தனார் வந்தார், என் எதிரில் உட்கார்ந்தார். "இதுக்காடி ஏழு வருஷம் மூடி வெச்ச? எங்கூட்டுக்காரரு இன்னா, சக்கர இல்லாதவரா? அன்னிக்குச் சொல்லியிருந்தா நான் அந்தக் களிய என் கையால ஊட்டியிருப்பனா?" என்று அழுதார். எந்தப் பையனுக்காக மறைத்தேனோ அந்தப் பையன், தன்னோடு வேலை பார்க்கிற பெண்ணைக் கட்டிக்கொள்ளப்போவதாக வீட்டில் சொல்லி ஆறு மாதம் ஆகியிருந்ததாம். அவர்களும் எங்களுக்குச் சொல்லச் சங்கடப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். தினமும் சாயங்காலம் போன் பண்ணுவேன். "சுகர் எவ்ளோ?" என்பேன். "நூத்தி இருவது" என்பாள். அடுத்த நாள் நூற்றிப் பத்து. அதற்கடுத்த நாள் நூற்றி முப்பது. நல்ல பிள்ளை, நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

போன மாதம் லீவுக்கு வந்திருந்தாள். குளிக்கப் போனபோது அவள் போன் கூடத்தில் கிடந்து டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தேன். எடுத்திருக்கக் கூடாதுதான், எடுத்துவிட்டேன். 'சுகர் சங்கம்' என்று ஒரு குரூப். அந்த ஐந்து பெண்களும் இவளும். தினம் இரண்டு வேளை இவள் அளவைப் போட்டிருக்கிறாள். முந்நூறு. அறுபது. இருநூற்று எழுபது. 'ஜூஸ் குடிச்சியா?', 'பத்து நிமிஷத்துல திரும்பப் பார்', 'இதோ வர்றேன்' என்று பதில்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் கல்லூரிப் படிக்கட்டில் மறுபடியும் சர்க்கரை இறங்கி உட்கார்ந்துவிட்டிருக்கிறாள், தர்மபுரிப் பெண் தாங்கிப் பிடித்திருக்கிறாள். அன்றைக்கு எனக்குச் சொன்னது நூற்றி இருபது.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவளிடம் போனை நீட்டினேன்.

"எனக்கு ஏண்டி சொல்லல?"

"நீ பயப்படுவம்மா."

"பயந்தா என்னா? நான் உன்னப் பெத்தவ. அந்த குரூப்புல என்னையும் சேரு."

"வேணாம்மா."

"ஏன் வேணாம்? எவளோ அஞ்சு பேருக்குத் தெரியலாம், எனக்குத் தெரியக் கூடாதா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. துண்டை உதறிக் கொடியில் போட்டாள்.

"அவங்களுக்குத் தெரிஞ்சா என்னப் பாக்க ஓடி வர்றாங்கம்மா. நீ, யாராச்சும் பாத்துட்டாங்களான்னுதான் மொதல்ல பாப்ப."

"என்னாடி பேச்சு பேசற? அதெல்லாம் அப்போ. இப்ப நான் அப்பிடியா இருக்கேன்?" என்று கத்தினேன். கோபம் வந்துவிட்டது, அழுகையும் வந்துவிட்டது. இத்தனை பட்ட பிறகும் என்னை இப்படி நினைக்கிறாளே என்று நெஞ்சு எரிந்தது.

விளக்கு வைக்கிற நேரம், அவளுக்கு ஊசி வேளை. ஃப்ரிட்ஜிலிருந்து மருந்தை எடுத்துவந்து வாசல்படியில் உட்கார்ந்து, வெளிச்சத்தில் பிடித்து ஊசியில் ஏற்றினாள். சட்டையை விரல் அளவுக்கு மேலே தூக்கி வயிற்றில் குத்திக்கொண்டாள்.

என் கண் தெருவுக்குப் போனது. எதிர் வீட்டில் ஆள் இருக்கிறதா, தண்ணீர்க் குழாயடியில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். என் மகள் ஊசியை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.